நீராவிக் குழாய் வால்வுகளின் அதிர்வு: கணினி உருவகத்தில் எதை முதலில் கணக்கிடுவது?

புதுவேனில்:

கொதிநீர் அணுவுலையின் முதன்மை நீராவிக் குழாயில், குட்டையான நிற்குழாய் ஒன்றின் தலையில் அமர்ந்திருக்கும் பாதுகாப்பு விடுவிப்பு வால்வின் அதிர்வைக் கணினியில் உருவகப்படுத்தும் பணியில் இருக்கிறேன். வால்வு மூடியே இருக்கும். நீராவி அதற்குள் பாய்வதில்லை, அடியில் உள்ள பெருங்குழாயில் கடந்து போகிறது. உலையின் வெப்பத்திறனை உயர்த்தினால் நீராவியின் வேகமும் உயரும் என்பதால், அந்த நிலையில் வால்வு எப்படி நடந்துகொள்ளும் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டியுள்ளது.

நீராவி தெவிட்டிய நிலையில், சுமார் 70 பார் அழுத்தத்தில், ஏறத்தாழ 286 பாகை செல்சியஸில் இருக்கிறது. நிற்குழாயின் உள்விட்டம் 15 செ.மீ.; அதன் வாயிலிருந்து வால்வின் டிஸ்க் (அடைப்புத் தட்டு) வரை 73 செ.மீ. பெருங்குழாயில் இப்போதைய வேகம் நொடிக்கு 50 மீட்டர். திறன் உயர்ந்த பின் 58 மீட்டர்.

எங்கள் குழுவில் இரண்டு கருத்துகள் உள்ளன. பாய்மமும் கட்டமைப்பும் ஒவ்வொரு காலப்படியிலும் ஒன்றுக்கொன்று தகவல் பரிமாறும் இருவழி இணைப்புக் கணக்கே சரியானது என்கிறார்கள் சிலர். காலத்தால் மாறாத ஓட்டத்தைக் கணக்கிட்டு, அதில் கிடைக்கும் அழுத்தத்தைக் கட்டமைப்பின் மேல் சுமையாக ஏற்றினாலே போதும் என்கிறார்கள் மற்றவர்கள். முதல் வழிக்குக் கணினி நேரம் எக்கச்சக்கமாகச் செலவாகும். இரண்டாவது வழியில் அதிர்வு என்ற ஒன்றே கணக்கில் வராதோ என்ற ஐயம் எனக்கு உண்டு. இத்துறையில் பணியாற்றியவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நிலையலை:

உங்கள் ஐயம் சரியானது. ஆனால் முதல் வழியும் தொடங்க வேண்டிய இடம் அன்று.

மூடிய வால்வின் அடியில் உள்ள நிற்குழாய், ஒருமுனை திறந்தும் மறுமுனை அடைபட்டும் இருக்கும் ஓர் ஒலிக்குழாய். அதன் வாயைக் கடந்து நீராவி ஓடும்போது, ஓடும் நீராவிக்கும் உள்ளே தேங்கிய நீராவிக்கும் இடைப்பட்ட மெல்லிய அடுக்கு சுழல்களாகச் சுருண்டு பிரிகிறது. சுழல் பிரியும் அதிர்வெண் ஒலிக்குழாயின் இயல்பு அதிர்வெண்ணை நெருங்கினால் இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். ஒலி சுழலை ஒழுங்குபடுத்த, சுழல் ஒலிக்கு ஆற்றல் ஊட்ட, வெறும் இரைச்சலாக இருந்தது வலிமையான நிலை அலையாக வளரும். புல்லாங்குழல் ஒலிப்பதும் இந்த வழியில்தான்.

இதை அறியக் கைக்கணக்கே போதும். 70 பார் தெவிட்டிய நீராவியில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 490 மீட்டர். திறந்த முனைக்கான திருத்தமாக விட்டத்தில் ஏறத்தாழ 0.4 பங்கைச் சேர்த்தால், உங்கள் நிற்குழாயின் பயனுறு நீளம் 0.79 மீட்டர். ஒலி வேகத்தை அந்த நீளத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் 155 ஹெர்ட்ஸ் கிடைக்கிறது. அடுத்துப் பார்க்க வேண்டியது ஸ்ட்ரூஹால் எண், அதாவது அதிர்வெண்ணை விட்டத்தால் பெருக்கி ஓட்ட வேகத்தால் வகுத்து வருவது. தனித்த கிளைக்குழாயில் இந்த எண் 0.6 அளவுக்கு இறங்கும்போது ஒத்ததிர்வு தலைகாட்டி, 0.4-ஐ ஒட்டி உச்சம் பெறும். உங்கள் அளவுகளுக்கு அது நொடிக்கு 39 மீட்டரில் தொடங்கி 58 மீட்டரில் உச்சத்தை எட்டும். நீங்கள் திட்டமிட்டிருக்கும் வேகம் உச்சத்தின் மேலேயே போய் நிற்கிறது.

இது ஏட்டளவில் நிற்கும் அச்சம் அன்று. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள குவாட் சிட்டீஸ் நிலையத்தில், அலகு ஒன்றின் வெப்பத்திறன் 2511 மெகாவாட்டிலிருந்து 2957 மெகாவாட்டாக உயர்த்தப்பட்டது. உயர்த்திய பின் 2002-இலும் 2003-இலும் 2-ஆம் அலகின் நீராவி உலர்த்தியில் (நீராவியிலிருந்து நீர்த்துளிகளைப் பிரிக்கும் அமைப்பு) பாகங்கள் உடைந்தன. 2005 இறுதியிலும் 2006 தொடக்கத்திலும் விடுவிப்பு வால்வுகளின் ஆக்சுவேட்டர்கள் (வால்வைத் திறக்கும் இயக்கிகள்) அதிர்வால் தேய்ந்து பழுதாகியிருப்பது தெரியவந்தது. வால்வு நிற்குழாய்களில் எழுந்த ஒலி ஒத்ததிர்வே காரணம் என முடிவாகி, 2006-இல் அந்த நிற்குழாய்களில் ஒலித்தணிப்புக் கிளைகள் பொருத்தப்பட்டன. திறன் 17.8 சதவீதம் கூடினால் ஓட்டத்தின் இயக்க அழுத்தம் (வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும் அழுத்தம்) 1.39 மடங்குதான் ஆகும். அதிர்வு அந்த விகிதத்தோடு நிற்கவில்லை; வேகம் ஒத்ததிர்வுப் பகுதிக்குள் நுழைந்துவிட்டதே அதற்குக் காரணம். காலத்தால் மாறாத ஓட்டத்தைக் கணக்கிட்டுச் சுமையை 1.39 மடங்காக்கும் முறை இங்கே எதையுமே சொல்லாது.

புதுவேனில்:

மிக்க நன்றி, ஐயா. எங்கள் முதற்கட்டக் கணினி மாதிரியில் நிற்குழாயின் அதிர்வெண் 183 ஹெர்ட்ஸ் என்று வருகிறது. உங்கள் 155-க்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிதாக இருக்கிறது. வடிவ அளவுகளை மீண்டும் சரிபார்த்துவிட்டோம். அவற்றில் பிழை இல்லை.

வலைக்கண்:

நீராவியை இலட்சிய வாயுவாக எடுத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். வெப்ப ஏற்புத்திறன்களின் விகிதத்தை 1.3 எனவும் வெப்பநிலையை 559 கெல்வின் எனவும் கொண்டு இலட்சிய வாயுச் சூத்திரத்தில் இட்டால், ஒலியின் வேகம் நொடிக்கு 579 மீட்டர் என்று வரும். உண்மை மதிப்பு 490. இந்த 18 சதவீத மிகைதான் உங்கள் அதிர்வெண்ணில் அப்படியே ஏறியிருக்கிறது. அடர்த்தியிலும் இதே கோளாறு உண்டு: இலட்சிய வாயுக் கணக்கு கனமீட்டருக்கு 27 கிலோ என்று தரும், நீராவி அட்டவணையோ 36.5 என்று சொல்லும். ஆக, அதிர்வெண் மேலே போகிறது, இயக்க அழுத்தம் கால் பங்கு குறைகிறது, ஒத்ததிர்வு தொடங்கும் வேகமும் உண்மையைவிட உயர்ந்து, பாதுகாப்பு இருப்பது போன்ற பொய்த்தோற்றம் தருகிறது. நீராவி அட்டவணையை மென்பொருளில் நேரடியாக இணைப்பதே இதற்குத் தீர்வு.

பாய்மத்தை அமுக்கவியலாததாகக் கொள்ளும் தீர்வியை (சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரலை) தொடவே வேண்டாம். அதில் ஒலியின் வேகம் முடிவிலி. கொந்தளிப்பை எவ்வளவு நுணுக்கமாகக் கணக்கிட்டாலும் நிலை அலை எழாது. வண்ணப்படம் மட்டும் அழகாக வரும்.

நிலையலை ஐயாவின் கைக்கணக்கை மதிக்கிறேன். ஆயினும் அதனோடு நிறுத்திக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. அது தனித்த கிளைக்கானது. உண்மையான நீராவிக் குழாயில் இத்தகைய நிற்குழாய்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. 155 ஹெர்ட்ஸில் அலைநீளம் 3.16 மீட்டர். ஒரே நீளமுள்ள இரண்டு கிளைகளுக்கு இடைப்பட்ட தொலைவு அரை அலைநீளத்தோடு, அதாவது சுமார் 1.58 மீட்டரோடு பொருந்தினால், பெருங்குழாய் வழியே வெளியே கசிய வேண்டிய ஒலி ஆற்றல் இரண்டுக்கும் நடுவே சிறைப்பட்டுவிடும்; தனிக்கிளையில் மிதமாக இருந்திருக்கக்கூடிய ஒத்ததிர்வு அங்கே மிகக் கடுமையாகும். கிளை வாயின் விளிம்பு கூராக உள்ளதா, வளைத்துவிடப்பட்டுள்ளதா என்பதும் தொடக்க வேகத்தை நகர்த்தும். மேலே வளைகுழாய் இருந்தால் வாயை வந்தடையும் வேகமே சமச்சீராக இராது. இவற்றையெல்லாம், பெரிய சுழல்களை நேரடியாகக் கணக்கிடும் பெருஞ்சுழல் உருவக முறைதான் (LES) பிடித்துத் தரும்.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 155 ஹெர்ட்ஸின் அலைவு நேரம் 6.5 மில்லி நொடி. கிளை வாயில் உள்ள நுண்ணிய வலைக்கண்களுக்கு 10 மைக்ரோ நொடி அளவிலான காலப்படி தேவைப்படும். அலைமாலையில் (அதிர்வை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் வரைபடத்தில்) 1 ஹெர்ட்ஸ் துல்லியம் வேண்டுமென்றால் ஒரு முழு நொடி ஓட்டம் வேண்டும். அது 1 இலட்சம் காலப்படிகள், அதுவும் தொடக்க நிலையின் தடயம் கரைந்த பிறகு எண்ணப்பட வேண்டியவை. சராசரியாக்கிய சமன்பாடுகளைக் காலத்தில் நகர்த்தும் மலிவான முறையும் ஒத்ததிர்வு வேரூன்றிய பகுதியில் அதிர்வெண்ணைச் சரியாகவே தரும், ஏனெனில் அங்கே சுழல்கள் ஒழுங்குபட்டிருக்கின்றன. ஆனால் ஒத்ததிர்வு தொடங்கும் விளிம்பில் அதை நம்ப மாட்டேன்.

பலர் கவனிக்காமல் விடுவது குழாயை எங்கே வெட்டுகிறோம் என்பதை. நுழைவில் நிலையான வேகமும் வெளியேற்றத்தில் நிலையான அழுத்தமும் கொடுத்தால், இரு முனைகளும் ஒலியைத் திருப்பி அனுப்பும் சுவர்களாகிவிடும். உருவகத்தில் தெரியும் அதிர்வு நீங்கள் வெட்டிய குழாய்த்துண்டின் அதிர்வாக இருக்கும். ஒலியைத் திருப்பாத எல்லை நிபந்தனையை இட்ட பிறகும், குழாயின் நீளத்தை மாற்றி மீண்டும் ஓட்டிப் பாருங்கள். அதிர்வெண் நகர்ந்தால் அது வால்வுக்குச் சொந்தமானது அன்று.

நிலையலை:

அடுத்தடுத்த கிளைகளைப் பற்றி நண்பர் வலைக்கண் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் அதற்கும் ஒற்றைப் பரிமாண ஒலி வலைப்பின்னல் கணக்கு உண்டு; குழாய்த்துண்டுகளையும் கிளைகளையும் இணைத்து, எந்த அதிர்வெண்ணில் ஆற்றல் சிறைப்படுகிறது என்பதை மேசைக் கணினியிலேயே சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். பெருஞ்சுழல் உருவகத்தை எந்த இடத்தில், எந்த வேகத்தில் ஓட்ட வேண்டும் என்பதை அது சொல்லட்டும்.

வீச்சைப் பொறுத்தவரை எனக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது. நிலை அலை எவ்வளவு உயரம் வளரும் என்பது எவ்வளவு ஆற்றல் இழக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. சுவர் உராய்வு, நீராவியில் மிதக்கும் நுண்துளிகள், பெருங்குழாய் வழியே வெளியேறும் ஒலி ஆகிய இழப்புகளை எந்த மென்பொருளும் தானாக அறியாது. ஆகவே வீச்சுக்குச் சிறுவடிவ மாதிரிச் சோதனையை நாடுங்கள். மாக் எண்ணை (ஓட்ட வேகத்துக்கும் ஒலி வேகத்துக்கும் உள்ள விகிதத்தை) ஒப்ப வைத்தால் போதும்: உங்கள் 58 மீட்டர் வேகத்துக்கு மாக் எண் 0.118; அறை வெப்பநிலைக் காற்றில் அது நொடிக்குச் சுமார் 41 மீட்டர். ஐந்தில் ஒரு பங்கு மாதிரியில் உங்கள் 155 ஹெர்ட்ஸ் ஏறத்தாழ 540 ஹெர்ட்ஸாகக் கேட்கும். ரெனால்ட்ஸ் எண் (பாகுநிலை விசையை ஒப்பிட்டு நிலைம விசை எவ்வளவு என்று காட்டும் எண்) குறைந்துவிடும் என்பது உண்மைதான். சுவரோர அடுக்கு ஒப்பளவில் தடித்து, தொடக்க வேகத்தைக் கொஞ்சம் நகர்த்தும். அந்த நகர்வைக் கணிக்க, அதே சிறுவடிவத்தையே வலைக்கண் தம் முறையில் உருவகப்படுத்தி ஒப்பிடலாம். பெருஞ்சுழல் உருவகத்தின் மிகச் சிறந்த பயன் அதுவே என்பது என் எண்ணம்.

திருகாணி:

நான் கட்டமைப்புப் பக்கத்துக்காரன். பாய்மக் கணக்கைப் பற்றி இவ்வளவு பேசிய பிறகு, வால்வின் உடலைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

இருவழி இணைப்பு இங்கே தேவையில்லை. 155 ஹெர்ட்ஸில் புவியீர்ப்பு அளவு முடுக்கத்தோடு அதிரும் ஒரு பாகம் வெறும் 10 மைக்ரோமீட்டர்தான் நகர்கிறது. 15 செ.மீ. வாயைக் கடந்து ஓடும் நீராவிக்கு அந்த அசைவு தெரியவே தெரியாது. ஒருவழியாக அழுத்த வரலாற்றை எடுத்துக் கட்டமைப்பின் மேல் ஏற்றினால் போதும். நீரில் இயங்கும் வால்வு என்றால் கதை வேறு. அங்கே டிஸ்க்கோடு சேர்ந்து அசையும் நீரின் கூட்டு நிறை டிஸ்க்கின் இயல்பு அதிர்வெண்ணையே இறக்கிவிடும்.

கட்டமைப்பு மாதிரியில்தான் பெரும்பாலும் ஏமாற்றம் காத்திருக்கிறது. நிலநடுக்கத் தகுதிச் சோதனைக்காக இயல்பு அதிர்வெண் 33 ஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதாகக் காட்டிவிட்டு, வால்வை விறைப்பான பொருள் என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். நிலநடுக்கத்துக்கு அது சரி. 155 ஹெர்ட்ஸில் எந்த வால்வும் விறைப்பானது அன்று: ஆக்சுவேட்டர் யோக்கின் (அதைத் தாங்கும் சட்டத்தின்) மேல் தலையாட்டும், சோலினாய்டின் (மின்காந்தச் சுருளின்) சிறு தாங்கிகள் தனித்தனியாக ஆடும், மின்பெட்டிக்குள் இருக்கும் திருகுகள் தளரும். குவாட் சிட்டீஸில் பழுதானவையும் ஆக்சுவேட்டர் பாகங்களே. வால்வின் உடல் அன்று. ஆகவே வார்ப்பு உடலை இலட்சக்கணக்கான உறுப்புகளாகப் பிரித்து நேரத்தை வீணாக்காமல், போல்ட்டு இணைப்புகளின் விறைப்பையும் மேலே உள்ள சிறு பாகங்களையும் சரியாக மாதிரியில் கொண்டுவாருங்கள். போல்ட்டு இணைப்பை ஒட்டிய ஒரே துண்டாகக் கொண்டால் இயல்பு அதிர்வெண் மிகையாக வரும். நிறுத்தக் காலத்தில் சுத்தியல் தட்டுச் சோதனை செய்து மாதிரியைத் திருத்திக்கொள்ளுங்கள். தணிப்பு விகிதம் 1 சதவீதமா, அரை சதவீதமா என்பதில் ஒத்ததிர்வின் வீச்சு இரட்டிப்பாகும். அதை வழிகாட்டி நூலிலிருந்து எடுக்காமல் அதே சோதனையிலிருந்து எடுங்கள்.

சோர்வுக் கணக்கில் சுழற்சி எண்ணிக்கையை மறந்துவிடக் கூடாது. 155 ஹெர்ட்ஸ் என்பது நாளொன்றுக்கு 1.3 கோடிக்கும் மேற்பட்ட சுழற்சிகள். ஓராண்டில் 490 கோடி. ஆஸ்டெனைட் துருவுறா எஃகுக்கு அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்க விதிநூலின் வளைவு 10,000 கோடி சுழற்சி வரை நீள்கிறது. அங்கே அனுமதிக்கும் தகைவு வீச்சு சுமார் 94 மெகா பாஸ்கல். உங்கள் வால்வு அந்த எண்ணிக்கையை எட்ட இருபது ஆண்டுகள் போதும். பற்றவைப்பு இணைப்பில் தகைவுச் செறிவைப் பெருக்கிய பின் 94-இல் எஞ்சும் இடம் மிகக் குறைவு.

மாலைக்காற்று:

இதே கணக்குமுறையை ஊட்டுநீர்க் குழாயின் செக் வால்வுக்கும் (பின்னோட்டத்தைத் தடுக்கும் வால்வு) பயன்படுத்தலாமா? அங்கே டிஸ்க் தளர்வாகத் தொங்கி ஆடுவதாக அறிக்கைகளில் படித்தேன்.

திருகாணி:

அங்கே இயங்குமுறையே வேறு, நண்பரே. ஊசல் வகைச் செக் வால்வின் டிஸ்க் முழுதாகத் திறந்து நிறுத்தியின் மேல் அழுந்தி நிற்க, ஓட்டத்துக்கு ஒரு குறைந்தபட்ச வேகம் தேவை. வால்வு தேவைக்கு மிஞ்சிய அளவில் இருந்தாலோ, சற்று மேலே வளைகுழாயோ கட்டுப்பாட்டு வால்வோ கொந்தளிப்பை அனுப்பிக்கொண்டிருந்தாலோ, டிஸ்க் நடுவில் மிதந்து நிறுத்தியைத் தட்டிக்கொண்டே இருக்கும். கீல் முனை தேயும், நட்டு கழலும், ஒரு நாள் டிஸ்க் பிரிந்துவிடும். 1985 நவம்பர் 21 அன்று கலிஃபோர்னியாவின் சான் ஓனோஃப்ரே 1-ஆம் அலகில் மின்சாரம் தடைப்பட்டபோது, ஊட்டுநீர் அமைப்பில் 5 செக் வால்வுகள் செயலிழந்திருந்தது தெரியவந்தது. பின்னோட்டத்தைத் தடுக்க அவை இல்லாததால் குழாய் வெறுமையாகி, கடும் நீர்ச்சுத்தி (நீரோட்டம் திடீரென மாறுவதால் எழும் அழுத்த அதிர்ச்சி) குழாய்த்தாங்கிகளைச் சிதைத்தது.

இங்கே டிஸ்க் பல பாகைகள் நகர்வதால் இருவழி இணைப்பு கட்டாயம் தேவை. டிஸ்க்கைத் தனி வலையாகப் பின்னணி வலையின் மேல் நகர்த்தும் மேற்படிவு வலை முறை இதற்கு ஏற்றது. கீலின் உராய்வையும், தட்டும்போது எவ்வளவு ஆற்றல் மீள்கிறது என்பதையும் நீங்களேதான் தர வேண்டும்; தேய்மான வீதம் அந்த இரண்டு எண்களைத்தான் பெரிதும் சார்ந்திருக்கும்.

நிலையலை:

டர்பைனின் கட்டுப்பாட்டு வால்வு சிறு திறப்பில் ஆடுவதையும் யாரேனும் கேட்பீர்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே முழு இணைப்புக் கணக்குக்கு முன், டிஸ்க்கை நாமே சைன் அலையாக ஆட்டி, ஒரு சுழற்சியில் பாய்மம் அதன் மேல் செய்யும் வேலையைக் கணக்கிடுவது நல்லது. வேலை எதிர்க்குறியாக வந்தால் பாய்மம் அதிர்வைத் தணிக்கிறது. நேர்க்குறியாக வந்தால் பாய்மமே ஊட்டி வளர்க்கிறது. பல திறப்புகளில், பல அழுத்த விகிதங்களில் இதைச் செய்தால் அபாயப் பகுதியின் வரைபடமே கிடைத்துவிடும்.

புதுவேனில்:

கணக்குகள் எல்லாம் முடிந்த பின், உண்மையான குழாயில் இதை எப்படிச் சரிபார்ப்பது? அழுத்த உணரியைப் பொருத்த நீராவிக் குழாயில் புதிதாகத் துளையிட அனுமதி கிடைக்காது.

வலைக்கண்:

துளை வேண்டாம். குழாயின் வெளிச்சுவரைச் சுற்றி எதிரெதிராக ஸ்ட்ரெயின் கேஜ்களை (சுவரின் நுண்ணிய நீட்சியை அளக்கும் உணரிகளை) ஒட்டிச் சராசரி எடுத்தால், குழாய் வளைவதால் வரும் நீட்சி அடிபட்டு, உள்ளழுத்தத்தால் குழாய் விரிந்து சுருங்குவது மட்டும் எஞ்சும். இரண்டு இடங்களில் அளந்தால் மேலும் கீழும் செல்லும் அலைகளைப் பிரித்துவிடலாம். குறிப்பலை மிகச் சிறியது என்பதை நினைவில் கொள்ளுங்கள்: ஆரம் சுவர்த்தடிமனைப் போல் பத்து மடங்கு உள்ள குழாயில், 10 கிலோ பாஸ்கல் அழுத்த ஏற்றத்தாழ்வு அரை மைக்ரோ ஸ்ட்ரெயினை, அதாவது நீளத்தில் பத்து இலட்சத்தில் அரைப் பங்கு நீட்சியைத்தான் தரும். மின்வலை 50 ஹெர்ட்ஸில் இயங்கும் இடத்தில் அதன் மூன்றாம் மடங்கு 150 ஹெர்ட்ஸ். உங்கள் 155-க்கு மிக அருகில் வந்து குழப்பும். ஓட்டமே இல்லாத நிலையிலும் ஒருமுறை பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2007-இல் திருத்திய 1.20 எண் வழிகாட்டி, கணிப்பு, அளவீடு, ஆய்வு மூன்றையும் சேர்த்தே கேட்கிறது. கணிப்பின் சாய்வையும் ஐயப்பாட்டையும் எண்களால் காட்ட வேண்டும் என்கிறது. அது வீண் கெடுபிடி அன்று. சான் ஓனோஃப்ரேயின் 2, 3-ஆம் அலகுகளுக்குப் புதிய நீராவியாக்கிகளை வடிவமைத்தபோது, கணினி நிரல் ஓட்டத்தின் வேகத்தைக் குறைத்துக் கணித்தது. 2012 ஜனவரி 31 அன்று 3-ஆம் அலகில், அதிர்வால் தேய்ந்த நீராவியாக்கிக் குழாய் ஒன்று கசிந்தது. 2013 ஜூனில் இரு அலகுகளும் நிரந்தரமாக மூடப்படும் என்று அறிவித்தார்கள். வால்வுக்குத் தொடர்பில்லாத நிகழ்வுதான்; ஆயினும் கணிப்பை அளவீட்டோடு நேர்நிறுத்தாமல் விட்டால் என்ன விலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

புதுவேனில்:

ஒலி வலைப்பின்னல் கணக்கிலிருந்து தொடங்குவதாகக் குழுவில் முடிவு செய்துவிட்டோம். இன்னும் ஒரு கேள்வி. ஒலித்தணிப்புக் கிளையைச் சேர்த்தால் நிற்குழாயின் பயனுறு நீளம் கூடி அதிர்வெண் குறைகிறது. அதிர்வெண் குறைந்தால் ஒத்ததிர்வு இன்னும் குறைந்த வேகத்திலேயே தொடங்கிவிடுமே, இது சிக்கலை வளர்ப்பதாகாதா?

நிலையலை:

நல்ல கேள்வி. பயனுறு நீளம் 1.3 மீட்டராகிறது என்று கொள்வோம். அதிர்வெண் 94 ஹெர்ட்ஸ். ஒத்ததிர்வு நொடிக்கு 23.5 மீட்டரில் தொடங்கி 35 மீட்டரில் உச்சம் பெறும். முழுத்திறனில் நீங்கள் இருக்கப்போவது 58 மீட்டரில், அதாவது உச்சத்தைத் தாண்டி வெகுதொலைவில். திறனை ஏற்றும்போது, முழு ஓட்டத்தில் 40 முதல் 60 சதவீதம் வரையிலான பகுதியில் அதைக் கடந்துபோக வேண்டியிருக்கும். ஆனால் 35 மீட்டரில் இயக்க அழுத்தம் முழுத்திறன் நிலையில் உள்ளதில் 36 சதவீதம்தான். அந்தக் கிளைக்குள் நிரப்பப்படும் தணிப்புப் பொருள் எஞ்சிய ஆற்றலையும் தின்றுவிடும்.

முக்கால் அலைநீள வடிவத்தையும் பார்த்துவிடுங்கள். அது 283 ஹெர்ட்ஸ். 71 மீட்டர் வேகத்துக்குக் கீழே முதல் நிலைச் சுழல் அதைத் தொடாது. ஆனால் கிளை வாயில் ஒரே நேரத்தில் இரண்டு சுழல்கள் நிற்கும் இரண்டாம் நிலை, குறைந்த வேகத்திலேயே அதைத் தூண்டக்கூடும். பொதுவாக வலு குறைந்தது, இருந்தாலும் திருகாணி சொன்ன அந்தச் சோலினாய்டுத் தாங்கிகளில் ஏதேனும் 283 ஹெர்ட்ஸை ஒட்டி இயல்பு அதிர்வெண் கொண்டிருக்கிறதா என்பதைத் தட்டுச் சோதனையின்போதே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.